ஓங்கிலுக்கு மணி அடித்தவன்

கடற்றொழிலாளர்களுக்கு நான் நடத்திய பயிற்சி வகுப்புகளுக்கு அளவில்லை. பாதுகாப்பு அங்கி போடுவது எப்படி, மீனை ஐசில் அடுக்குவது எப்படி, தடைசெய்த வலையை அடையாளம் காண்பது எப்படி என்று முப்பத்தொரு வருடம் பேசித் தீர்த்திருக்கிறேன். வந்தவர்கள் மரியாதையாக இருந்து கேட்டார்கள். வடையும் தேநீரும் வந்ததும் உற்சாகமானார்கள். பிறகு கடலுக்குப் போய்த் தங்களுக்குத் தெரிந்தபடியே தொழில் செய்தார்கள். நான் சொல்லிக்கொடுத்ததை உடனே பிடித்துக்கொண்டு, தங்கள் பிள்ளைகளுக்கும் பழக்கி, கூட இருந்தவர்களுக்கும் பரப்பிய மாணவர்கள் என் சேவைக்காலத்தில் ஒரே ஒரு கூட்டம்தான். அவர்களை நான் வகுப்புக்கு அழைக்கவே இல்லை. முல்லைத்தீவுக் கடலில் நீந்திக்கொண்டிருந்த ஓங்கில்கள் அவை. படித்தவர்கள் டொல்பின் என்பார்கள்.

அண்மையில் எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். ஓய்வுபெற்றவன் என்று என்னையும் முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் திரையில் படம் போட்டு விளக்கினார். டொல்பின்களுக்குப் பிறப்போடு வந்த குணம் மட்டுமல்ல, பழகி வந்த பழக்கமும் உண்டாம். தாய் செய்வதைக் குட்டி பார்த்துப் பழகுமாம். ஒரு கூட்டத்தின் வழக்கம் பக்கத்துக் கூட்டத்துக்கு இருக்காதாம். கேள்வி நேரத்தில் ஒரு புதிய உத்தியோகத்தர் எழும்பி, எங்கள் கடலில் இதை யாராவது நேரில் கண்டிருக்கிறார்களா என்று கேட்டார். பழைய ஆட்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு விளக்கம் எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

என் ஊர் விசுவமடு. தகப்பன் நெல்லும் மிளகாயும் செய்தவர். வீட்டில் எவருக்கும் நீந்தத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. விவசாயத்தில் வேலை கேட்டேன், கிடைக்கவில்லை. கடற்றொழில் பரிசோதகர் வேலை கிடைத்தது. பயிற்சிக்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முடிச்சுகள் பழகினேன், மீன்களின் பெயர்களைப் பாடமாக்கினேன், படகில் ஏறிய ஒவ்வொரு நாளும் வயிற்றைப் புரட்டிச் சத்தி எடுத்தேன். முதல் வகுப்பில் பாதுகாப்பு அங்கியை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பேசினேன். கேட்டிருந்தவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் அதே ஊரில் இரண்டு பேர் அங்கியை அப்படியே மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பகிடிக்குச் செய்தார்களா, நான் சொன்னதை நம்பிச் செய்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வயிற்றின் சொல்லைக் கேட்டுக்கேட்டு, கரையில் நின்றே கடலைப் பரிசோதிக்கும் ஒரு முறையை வளர்த்துக்கொண்டேன். படகுகள் கரையேறும்போது போய் நிற்பேன். என்ன மீன், எவ்வளவு, எந்தப் பக்கம் வலை விட்டது என்று கேட்பேன். அவர்கள் சொல்வதை எழுதுவேன். பல வருடம் இது ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

பிறகு மாவட்டத்துக்கு உதவிப் பணிப்பாளராக ஒரு பெண் வந்தார். நாங்கள் மேடம் என்போம். மெலிந்த உருவம், மெல்லிய குரல், சீனி போடாத பிளேன்டீ. அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் மேசைக்கு முன்னால் நிற்கும்போது ஏச்சு வாங்கினால் பரவாயில்லை என்று தோன்றும். வந்த கிழமையே எங்கள் அறிக்கைத் தாளை மாற்றினார். நடுவில் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு. இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘கேட்டது’. ஒவ்வொரு வரிக்கும் நேரம், காற்று எந்தப் பக்கம், யார் கூட இருந்தார்கள் என்று எழுத வேண்டும். அறிக்கையை மெதுவாக வாசிப்பார். விரல் ஒரு வரியில் நிற்கும். தலையை நிமிர்த்தாமல், “இதைக் காணேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?” என்று கேட்பார். அவ்வளவுதான். நான் ஏதாவது சொல்லித் தடுமாறுவேன். அந்த வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டு, தாளைத் திருப்பித் தருவார்.

அந்தக் காலத்தில்தான், ஓங்கில் வலையைக் கிழிக்கிறது என்று திரேசம்மாவின் முறைப்பாடு வந்தது. கரையோரக் கிராமம் ஒன்றில் இருந்தவர். கணவர் இல்லை. ஒரு படகும் கும்பளா மீனுக்கு விடும் மூன்று வலைகளும் அவருடைய சொத்து. தம்பி அந்தோனி கடலுக்குப் போவார், திரேசம்மா கரையில் மீனைப் பிரித்து, கிழிந்த வலையைப் பொத்துவார். நான் போனபோது கிழிந்த வலையை மணலில் விரித்துக் காட்டினார். கண்ணியில் மீனின் தலை மட்டும் தொங்கியது. செவுளுக்குப் பின்னால் உடல் முழுவதும், கத்தி வைத்தது போல, இல்லை. சில இடங்களில் தலையுமில்லை, கண்ணியுமில்லை, நான் கையை முழங்கைவரை விடக்கூடிய துளைதான் இருந்தது.

இதைச் செய்வது எல்லா ஓங்கில்களும் அல்ல என்று அந்தோனி விளக்கினார். வெளிக்கடலில் பெரிய கூட்டம் ஒன்று போகும். அவை வலையைத் திரும்பியும் பாராமல் போய்விடும். கரையோடு திரிகிற சின்னக் கூட்டம்தான் இந்த வேலை செய்வது. அதிலும் முன்னால் நிற்பது ஒருத்தி. முதுகுச் செட்டையில் ஒரு துண்டு இல்லை. மூளி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் மூளி மட்டும்தான் எடுத்தாளாம். பிறகு அவளோடு திரிகிறவை பழகின. இப்போது அவளுடைய குட்டியும் பக்கத்தில் நின்று பார்க்கிறதாம். ஒரே கும்பளாவை விசுவமடுவில் ஒரு மாதிரியும் முல்லைத்தீவில் இன்னொரு மாதிரியும் சமைக்கிறோம், தாய் வைத்த கறியைத்தான் பிள்ளையும் வைக்கிறது. இது எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். நான் ‘கேட்டது’ பக்கத்தில் எழுதிவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

திரேசம்மாவின் மூன்று வலைகளில் ஒன்று ஏற்கனவே கந்தல். மற்ற இரண்டையும் வைத்துத்தான் தொழில். அவையும் போனால் படகை விற்றுவிட்டு வவுனியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போவது, அங்கே கடையில் வேலை செய்வது என்று முடிவெடுத்திருந்தார். அந்தோனிக்குக் கடலை விட்டால் வேறொன்றும் தெரியாது. அது திரேசம்மாவுக்குப் பெரிய கவலை.

சில மாதங்களில் ஒரு திட்டத்தின் மூலம் ஒலிக்கருவிகள் வந்தன. வாழைப்பழமளவு மஞ்சள் குழாய், உள்ளே பற்றரி. வலையின் மேல்கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விட்டால் சில செக்கனுக்கு ஒருதரம் கீச்சிடும். அந்தச் சத்தத்துக்கு டொல்பின் விலகிப் போகும் என்று தாளில் எழுதியிருந்தது. நான் சிங்கம் போலக் கரைக்குப் போனேன். ஐந்து படகுகளுக்குக் கொடுத்தேன், முதல் படகு திரேசம்மாவுடையது. ஆறடிக்கு ஒரு பாகம், முப்பது பாகத்துக்கு ஒரு கருவி என்று நானே கயிற்றை அளந்து, பயிற்சிக்காலத்தில் பழகிய முடிச்சைப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். அந்தோனி நான் திரும்பியதும் அவிழ்த்துத் தன் முடிச்சைப் போட்டார் என்று பிறகு அறிந்தேன்.

முதல் இரண்டு கிழமை வலைகள் முழுசாக வந்தன. தினமும் கரையில் நின்று கேட்டேன், ஓங்கில் கிட்டவும் வரவில்லை என்றார்கள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. நான்கு பக்க அறிக்கை எழுதினேன். ‘கருவியின் ஒலியைக் கேட்டதும் டொல்பின்கள் திசைமாறிச் சென்றன’ என்று, கண்டது பக்கத்தில், இடப்பக்கத்தில், என் கையால் எழுதினேன். காற்று வடகிழக்கு என்றும் சேர்த்துக்கொண்டேன். மேடத்தின் விரல் அந்த வரியில் நின்றது. எங்கை நிண்டனீங்கள் என்று கேட்டார். கடற்கரையில் என்றேன். கேள்விக்குறி விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. அறிக்கையின் ஒரு பிரதியைத் திட்டக்காரர்களுக்கு நேரடியாகவே அனுப்பிவிட்டேன்.

அவர்கள் மகிழ்ந்துபோய் ஒரு கூட்டம் வைத்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கரையிலிருந்த மற்றப் படகுகள் பலவற்றுக்கும் கருவிகள் கொடுக்கப்பட்டன. நான் ‘கடலோடு உரையாடுதல்’ என்ற தலைப்பில் பேசினேன். மேடம் மூன்று தரம் கைதட்டினார். நான் எண்ணினேன்.

மூன்றாம் கிழமை முடிவில் திரேசம்மாவின் வலை கிழிந்தது. அடுத்த நாள் இன்னும் இரண்டு படகுகளின் வலைகள். முன்பு வலையில் நாலைந்து துளை இருக்கும், இப்போது வலையே அரைவாசி இல்லை. நான் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தேன்: பற்றரி பலவீனமாகிவிட்டது. எல்லாக் கருவிகளுக்கும் புதுப் பற்றரி போட்டுக் கொடுத்தேன். சத்தம் கூடியது. கிழிசலும் கூடியது.

இந்த இடத்தில் என் குடும்ப வரலாற்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒட்டுசுட்டானில் என் அக்காவின் வயலுக்கு யானை வரும். விரட்ட யானைவெடி கொளுத்துவார்கள். முதல் போகத்தில் யானை ஓடியது. அடுத்த போகத்தில் வெடித்து முடியும்வரை காட்டோரம் நின்றுவிட்டு வந்தது. அதற்கடுத்த போகத்தில் வெடிச்சத்தம் கேட்ட பக்கத்துக்கே வந்தது, ஆள் காவல் நிற்கிற வயலில்தான் நெல் விளைந்திருக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கதையை நானே பலருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஒருவன் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தான்.

திரேசம்மா என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். முந்திய கந்தலோடு சேர்த்து இரண்டாவது வலையும் போய்விட்டது. மிச்சமிருந்தது ஒன்று. அவர் வலை ஊசியைக் கீழே வைக்காமலே பேசினார்.

“ஐயா, கோவிக்கக் கூடாது. உந்த மெஷின் கட்டாத போட்டுகளின்ர வலையைப் போய்ப் பாருங்கோ. அவையளுக்கு ஒண்டுமில்லை. நான் ரெண்டு வருசம் கொன்வென்ற் போர்டிங்கில இருந்தனான். சாப்பாட்டு மணி அடிச்சால் பிள்ளையள் எல்லாம் ஏன் ஓடுதுகள் எண்டு எனக்குத் தெரியும்.”

எனக்குக் காது சூடாகியது. அப்படியிருக்க வாய்ப்பில்லை, விஞ்ஞானபூர்வமாகச் செய்யப்பட்ட கருவி என்றேன். உண்மையில் அவர் அழைத்த காரணம் வேறு. கரையில் ஆண்கள் கூடிக் கதைத்து மூளியைக் கொல்வதென்று முடிவெடுத்திருக்கிறார்கள். மண்டா என்று சொல்லும் நீண்ட இரும்பு ஈட்டி அந்தோனியின் படகில் ஏறிவிட்டது. டொல்பினைக் கொன்றால் வழக்கு, மறியற்சாலை. அந்தோனி சொல்லுக் கேட்கிற நிலையில் இல்லை. “அவன் உள்ளுக்குப் போனால் பேந்து எனக்கு வலை இருந்தென்ன, இல்லாட்டி என்ன?” என்றார் திரேசம்மா. அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

நான் நேரே மேடத்திடம் போனேன். அந்தோனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பலாம் என்று யோசனை சொன்னேன். நடந்தது எல்லாவற்றையும், கொன்வென்ற் மணியையும் சேர்த்து, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிளேன்டீ ஆறிப்போனது. பிறகு என் பழைய நான்கு பக்க அறிக்கையை எடுத்து, கேள்விக்குறி போட்ட பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

“நாளைக்கு அந்தோனியோடை போட்டில போங்கோ. பாத்திட்டு வந்து எழுதுங்கோ” என்றார்.

எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது என்றேன். அது தனக்குத் தெரியும் என்றார். எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் நிலம் வெளிக்கும் நேரம் அந்தோனி வலை விட்டார். நான் கேட்டுக்கொண்டபடி வலையின் ஒரு பாதியில் கருவிகளைக் கட்டி, மறு பாதியை வெறுமனே விட்டார். திரேசம்மாவின் கடைசி வலை அது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது, ஆனாலும் தந்தார். மண்டா படங்குச் சீலையின் கீழ் கிடந்தது. நான் கரை மறையுமுன்பே முதல் தரம் சத்தி எடுத்துவிட்டேன்.

வெயில் ஏறத் தொடங்கியபோது அவை வந்தன. ஒன்பது முதுகுகள் எண்ணினேன். சுற்றிப் பார்க்கவில்லை, தேடவில்லை. பழகிய தெருவால் வருவது போல நேரே வந்து, கருவி கட்டிய பாதிக்குப் போயின. வெறும் பாதிப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது. மூளி கண்ணியில் மாட்டிய ஒரு கும்பளாவைப் பிடித்து, தலையை ஒரு பக்கம் திருப்பி இழுத்தாள். உடல் வந்தது, தலை நின்றது. அடுத்ததைப் பாதி இழுத்துவிட்டு அப்படியே விலகி நின்றாள். குட்டி வந்தது. முதல் தரம் தவறவிட்டது. மூளி காத்து நின்றாள். இரண்டாம் தரம் குட்டி தலையைத் தாயைப் போலவே ஒரு பக்கம் திருப்பி இழுத்தது. மீன் வந்தது.

என் வாழ்க்கையில் இதைவிட நல்ல வகுப்பை நான் கண்டதில்லை. வகுப்புக்கு மணி அடித்தவன் நான்.

அந்தோனி எழும்பி நின்றார். மண்டா கையில் இருந்தது. மூளி படகிலிருந்து இரண்டு பாகத்தில்தான் நின்றாள். அவள் கண் எனக்குத் தெரிந்தது. சட்டத்தைச் சொல்லலாம். மறியலைச் சொல்லலாம். அவை எல்லாம் அந்தோனிக்குத் தெரிந்தவைதான். எனக்குச் சொல்ல மிச்சமிருந்தது ஒன்றுதான். அதைச் சொன்னால் பொன்னாடை, நான்கு பக்கம், வடகிழக்குக் காற்று எல்லாம் பொய்யாகிவிடும்.

“அந்தோனி, அது களவெடுக்க வரேல்லை” என்றேன். “நான் கூப்பிட்டனான், அதுதான் வந்திருக்கு. பிழை என்ரை.”

அவர் என்னைப் பார்த்தார். மண்டா தாழவில்லை.

“அப்ப ஆரை ஐயா குத்துறது?”

நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் வயிறு முந்திக்கொண்டது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். நிமிர்ந்தபோது மண்டா படங்கின் மேல் கிடந்தது, அந்தோனி எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தார். இந்த ஆளைக் குத்தி என்ன பயன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மூளியும் அதனால் உயிர் தப்பினாள்.

அன்று பின்னேரம் கடற்றொழிலாளர் சங்கத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னேன். கருவி ஓங்கிலைக் கலைக்கவில்லை, ஓங்கில்கள் இரண்டு கிழமையில் அதைப் பழகிக்கொண்டு அழைப்பாக எடுத்துக்கொண்டன, இதைத் திரேசம்மா எனக்கு முன்பே கண்டுபிடித்தார், நான் கேட்கவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, அவர்களின் வலைகள் போயிருந்தன. அவர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கருவிகள் எல்லாவற்றையும் என் கையாலேயே அவிழ்த்துச் சாக்கில் போட்டேன். அந்தோனியின் முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல் கத்தி வாங்கி வெட்டினேன். அடுத்த நாள் மேடத்துக்குப் புது அறிக்கை கொடுத்தேன். அவர் அதை மேலிடத்துக்கு அனுப்பினார். பதவியுயர்வுப் பட்டியலில் இருந்த என் பெயர் அந்த வருடம் காணாமல் போனது.

கருவிகளை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. கீச்சுச் சத்தம் எங்கே போனது என்று தேடி ஓங்கில்கள் எல்லாப் படகுக்கும் வந்து பார்க்கத் தொடங்கின. கற்றுக்கொடுக்க இரண்டு கிழமை எடுத்தது. மறக்கச்செய்ய எனக்கு வழி தெரியவில்லை. மண்டா மறுபடியும் பேச்சில் வந்தது.

வழி கண்டுபிடித்தது திரேசம்மா. சாக்கிலிருந்து ஆறு கருவிகள் தரும்படி கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. வலை விடும் இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு வெறும் கயிற்றில் அவற்றைக் கட்டி மிதக்கவிட வைத்தார். மீனில்லை, வலையில்லை, சத்தம் மட்டும். நான் இரண்டு நாள் படகில் போய்ப் பார்த்தேன், வயிறு அதன் கடமையைச் செய்தது. முதல் நாள் ஒன்பதும் கயிற்றுக்குப் போய் நெடுநேரம் சுற்றின. நாலாம் நாள் போனபோது மூளி பாதி வழியில் நின்று திரும்பிவிட்டாள். குட்டி மட்டும் கயிறுவரை போய், கருவியை மூக்கால் ஒருதரம் தள்ளிப் பார்த்துவிட்டுத் தாயைத் தேடிப் போனது. அடுத்த கிழமை சத்தத்தை ஒன்றுகூடக் கணக்கெடுக்கவில்லை. ஓங்கிலுக்கு ஒரு பொய் விளங்க நாலு நாள் போதுமாக இருந்தது. எனக்குப் பற்றரி எல்லாம் மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

மாத முடிவில் கரைக்குப் போனேன். திரேசம்மா கடைசி வலையை மணலில் விரித்திருந்தார். பாதி பொத்தல்தான், ஆனாலும் வலை. ஓரத்தில் புதிதாக நாலைந்து துளைகள் இருந்தன, பக்கத்துக் கண்ணிகளில் கும்பளாத் தலைகள். என் முகம் மாறியதை அவர் கண்டிருக்க வேண்டும்.

“மூளி எப்பவும் எடுக்கிறதுதான் ஐயா. இவ்வளவையும் நான் ஒரு பின்னேரத்தில பொத்திப்போடுவன்” என்றார். ஊசியில் நூலைக் கோத்தார். “நீங்கள் செய்த உதவியைத்தான் பொத்தேலாமல் போச்சு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.